பை மேல் இருக்கும் பறவை ஏன் வரவில்லை?

கேள்வி: கொல்லையில் பறவைகளுக்குத் தீனி வைக்கும் ஃபீடர் மாட்டி மூன்று மாதமாகிறது. விதைப் பை மேல் அச்சிட்ட மஞ்சள், நீலப் பறவைகளைப் பார்த்துத்தான் கலப்பு விதை வாங்கினேன். வருவதோ புறாக்கள். பாதி விதை தரையில் கிடக்கிறது. பெரிய ஃபீடராக வாங்கலாமா? நடுவில் வந்துபோன ஒரு பழுப்புக் குருவியின் பெயரும் தெரியவில்லை.

பதில்: ஃபீடர் இருக்கட்டும், விதையை மாற்றுங்கள். தரையில் கிடப்பதை ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். சிவப்புச் சோளமும் கோதுமையும்தான் நிறைய இருக்கும். மலிவான கலவைகளில் எடையைக் கூட்டுவது இவைதான். நீங்கள் எதிர்பார்க்கும் குருவிகள் இவற்றைத் தள்ளிவிட்டு வேறு விதையைத் தேடும். தள்ளியதைப் புறா பொறுக்கும். படத்துக்குக் காசு கொடுத்துப் புறா வளர்க்கிறீர்கள்!

கறுப்புச் சூரியகாந்தி விதையைத் தனியாக வாங்குங்கள். தோல் மெலிது, எண்ணெய் அதிகம்; கார்டினல் என்னும் சிவப்புப் பறவை முதல் ஃபிஞ்ச் என்னும் சிறு குருவிகள் வரை பலவும் விரும்பித் தின்னும். கோல்ட்ஃபிஞ்ச் என்னும் மஞ்சள் குருவி வாழும் ஊரானால் பேயெள்ளும் (நைஜர் விதை) வைக்கலாம். அதற்கு மட்டும் நுண்துளை ஃபீடர் தேவை. சீக்கிரம் காய்ந்து வீணாகும் விதை என்பதால் சிறிய பையே போதும். பூச்சி தின்னும் மெல்லலகுப் பறவைகள் எந்த விதைக்கும் மசியாது. ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைத்தால் அவையும் எட்டிப்பார்க்கும்.

அந்தப் பழுப்புக் குருவியை லேசில் விட்டுவிடாதீர்கள். வட அமெரிக்காவின் இண்டிகோ பன்டிங் குருவியில் ஆண் நீலம், பெண் வெறும் பழுப்பு. அந்த நீலம்கூடச் சாயமல்ல, இறகில் ஒளி சிதறுவதால் தெரிவது, நிழலில் கறுப்பாகிவிடும். அமெரிக்கக் கோல்ட்ஃபிஞ்ச் ஆணோ கோடையில் எலுமிச்சை மஞ்சள், குளிர்காலத்தில் மங்கிய பழுப்பு. ஆகவே நிறத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் அலகு: கூம்பு போலத் தடித்ததா, ஊசி போன்றதா? அடுத்து சிறகுப் பட்டை, வால். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் என்னும் பறவை அடையாளச் செயலி இலவசம். குரலைக் கேட்டும் பெயர் சொல்லும். சொன்னதை உங்கள் கண்ணாலும் சரிபாருங்கள்.

ஃபீடர் ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். இல்லாவிட்டால் பத்து மீட்டர் தள்ளி. இடைப்பட்ட தூரத்தில் பறவைகள் வேகமெடுத்துக் கண்ணாடியில் மோதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவிக் காயவையுங்கள். நோய் பரவுவது அழுக்கு ஃபீடரில்தான். மிச்சமிருக்கும் பழைய விதையை முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் புறாவுக்கும் வேண்டாம்.