கனடாவிலிருந்து அண்ணர் வருகிறார். ஹோட்டல் முற்பணத்தை நான் கட்டட்டுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் சேர்த்து மாதம் கைக்கு 285,000 ரூபா வருகிறது. ஏப்ரலில் மாமா, மாமியின் ஐம்பதாவது திருமண நாள். ரொறன்ரோவிலிருந்து கணவரின் அண்ணர் குடும்பத்தோடு வருகிறார். நுவரெலியாவில் வெள்ளைக்காரர் காலத்து மாளிகை ஹோட்டல் ஒன்றில் எல்லோரும் இரண்டு இரவு தங்கவேண்டும் என்கிறார். நாலு அறை; ஓர் அறை ஓர் இரவுக்கு 60,000 ரூபா, வரி வேறு. மாமா இளவயதில் நுவரெலியா தபாற்கந்தோரில் வேலை செய்தவர். அந்த ஹோட்டலை வெளியே நின்று பார்த்ததோடு சரி. "நீங்கள் புக் பண்ணுங்கோ, வந்து கணக்குப் பார்ப்பம்" என்று அண்ணர் சொல்கிறார். சென்ற முறை யால போனபோதும் இதையேதான் சொன்னார். பாதிப் பணம் இன்னும் வரவில்லை, கேட்கக் கூச்சமாக இருக்கிறது. என் கடனட்டையில் 420,000 ரூபா நிலுவை, வட்டி 26 சதவீதம். ஆகக்குறைந்த தொகையை ஒரு மாதமும் தவறாமல் கட்டுகிறேன். பலசரக்கு, பெற்றோல் என்று மாதம் 15,000 அளவில் அதே அட்டையில் போகும். மகளின் படிப்புக்கென்று 500,000 ரூபா நிலையான வைப்பில் இருக்கிறது. ஹோட்டல் செலவை 12 மாத வட்டியில்லாத் தவணைக்கு மாற்றலாம் என்று வங்கியில் சொல்கிறார்கள். முன்கூட்டியே பணம் கட்டி வருடா வருடம் விடுதிகளில் தங்கும் விடுமுறைக் கழக அங்கத்துவம் ஒன்றும் பார்த்தேன். எது நல்லது?

பதில்: சகோதரி, இரண்டும் வேண்டாம். அண்ணரின் கதைக்குப் பிறகு வருகிறேன். உங்கள் வீட்டை அரிப்பது "தவறாமல் கட்டுகிறேன்" என்று நீங்கள் நிம்மதியாக எழுதிய அந்த ஒரு வரி.

420,000 ரூபாவுக்கு 26 சதவீதம் என்றால் மாத வட்டி சுமார் 9,100. ஆகக்குறைந்த தொகை 5 சதவீதம் என்று வைத்தால் 21,000 கட்டுகிறீர்கள். அசலில் கழிவது 12,000க்கும் சற்றுக் குறைவு. அதே மாதம் 15,000 ரூபாவுக்குப் புதிதாகச் செலவழிக்கிறீர்கள். ஆக, கட்டக் கட்ட நிலுவை ஏறுகிறது. முழு நிலுவையையும் தீர்க்காதவருக்குப் புதிய செலவில் வட்டியில்லா நாட்கள் கிடைப்பதில்லை. கடையில் அட்டையைக் கொடுத்த நாளிலிருந்தே பருப்புக்கும் பெற்றோலுக்கும் வட்டி ஓடும்.

இந்தப் பழக்கத்தோடு வட்டியில்லாத் தவணைக்குள் போனால் என்ன நடக்கும்? நாலு அறை, இரண்டு இரவு, 480,000. அதன்மேல் 10 சதவீத சேவைக் கட்டணம், சமூகப் பாதுகாப்பு வரி, 18 சதவீத வற் (பெறுமதி சேர் வரி). ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கூடும்: 640,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வான், வழிச் சாப்பாடு வேறு. 12 மாதத்துக்குப் பிரித்தால் தவணை 53,000. அந்த 53,000 ஒவ்வொரு மாதமும் உங்கள் அட்டைக் கூற்றில் வந்து சேரும். முழுதாகக் கட்டினால்தான் அது வட்டியில்லாத் தவணை. வழக்கம்போல ஆகக்குறைந்ததைக் கட்டினால், கட்டாத மிச்சம் 26 சதவீதத்துக்குள் விழும். விற்பவர்கள் வட்டி பூச்சியம் என்பதைப் பெரிதாகச் சொல்வார்கள், இதைச் சொல்லமாட்டார்கள். கையாளுகைக் கட்டணம் எவ்வளவு என்றும் கேட்டுப் பாருங்கள்.

விடுமுறைக் கழகத்தைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. முதலில் ஒரு பெருந்தொகை, பிறகு வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம், ஏப்ரலில் கேட்டால் அறை இல்லை. கடன் உள்ள வீட்டுக்கு அது தேவையே இல்லை.

வைப்பை உடையுங்கள். மனம் ஒப்பாது, தெரியும், மகளின் காசு. ஆனால் 420,000 ரூபா வைப்பில் இருந்தால், 8 சதவீதம் என்றாலும், வருடத்துக்கு 33,600 தரும், அதிலும் 10 சதவீதம் வரியாகப் போகும். அதே தொகை அட்டையில் இருந்து 109,000 ரூபாவை எடுக்கிறது. வருடத்துக்கு 75,000க்கு மேல் மகளின் படிப்புக் காசிலிருந்துதான் கரைகிறது. முதிர்வுக்கு முன் எடுப்பதால் கொஞ்சம் வட்டி குறையும், பரவாயில்லை. அட்டையைப் பூச்சியமாக்கிவிட்டு, இதுவரை கட்டிய அதே 21,000 ரூபாவை மாதாமாதம் மகளின் கணக்கில் போடுங்கள். 20 மாதத்தில் 420,000 திரும்பிவிடும். பலசரக்கும் பெற்றோலும் இனி காசுக்கு.

இனி அண்ணர். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. வந்து நிற்கும் மூன்று கிழமையும் கொண்டாட்டமாகவே போகும், கணக்குக் கொப்பியை யாரும் எடுப்பதில்லை, பிறகு விமான நிலையத்தில் பிள்ளைகளின் கையில் ஏதாவது வைத்துவிட்டுப் போவார்கள். கொழும்பில் அநேகம் வீடுகளில் இதைப் பார்க்கிறேன். அதனால் கேட்கும் இடத்துக்கே போகாதீர்கள். ரொறன்ரோவிலிருந்தே அவர் தன் அட்டையில் பதிவு செய்யலாம். "அண்ணா, எங்கட கார்ட்டில இனிக் கடன் ஏத்தேலாது, முற்பணத்தை நீங்களே கட்டுங்கோ" என்று கணவர் சொல்லட்டும். அது உண்மையும்கூட. நீங்கள் சொல்லவேண்டாம், அவருடைய அண்ணர், அவர் பேசுவதுதான் முறை.

மாமாவின் ஆசையைக் குறைக்கச் சொல்லமாட்டேன். வாழ்நாளெல்லாம் வெளியே நின்று பார்த்த வீட்டுக்குள் அவரும் மாமியும் ஓர் இரவு தூங்கவேண்டும். அதற்கு வேண்டியது ஓர் அறை, ஓர் இரவு: வரியோடு சுமார் 80,000. அதை நீங்கள் இருவரும் பரிசாகக் கொடுங்கள், சேமித்து, கையிலுள்ள காசில். மற்றவர்கள் பக்கத்தில் சாதாரண விடுதியில் தங்கலாம். மாலைத் தேநீருக்கு எல்லோரும் ஒன்றாக அமரலாம். 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸின் வீடாகத் தொடங்கிய கிராண்ட் ஹோட்டலில், தங்காதவர்களும் தேநீர் குடித்துவிட்டு வரலாம். இரவு விருந்துக்கு 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பை யாராவது சொன்னால், ஆண்களுக்குக் கோட்டும் டையும் கட்டாயம் என்பதையும் பிள்ளைகளோடு போகிறீர்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் நுவரெலியாவின் சீசன். விலை உச்சத்தில் இருக்கும். அண்ணரின் லீவு இடம்கொடுத்தால் மே மாதத்தில் வார இறுதி அல்லாத ஒரு நாளைக் கேளுங்கள். ஹோட்டலுக்கு அழைக்கும்போது மூன்று விடயம்: இலங்கையில் வசிப்பவருக்கான விலை என்ன, எல்லா வரியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, அறை பழைய கட்டடத்திலா பின்னர் கட்டிய பகுதியிலா. மாமா பார்க்க ஆசைப்பட்டது பழைய வீட்டை. மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை யாருடைய அட்டையிலிருந்தும் முற்பணம் போகவேண்டாம்.