அம்மாவை அல்சைமர் மருந்துச் சோதனையில் சேர்க்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. ஆரம்பக்கட்ட அல்சைமர் என்கிறார்கள். புது மருந்துச் சோதனை ஒன்றில் சேர்க்கலாம் என்று நரம்பியல் டாக்டர் சொல்கிறார். பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

சேர்க்கலாம். ஆனால் அம்மாவிடம் கேட்டீர்களா? உங்கள் கேள்வியில் அம்மாவின் வயது இருக்கிறது, டாக்டர் சொன்னது இருக்கிறது, உங்கள் பயம் இருக்கிறது. அம்மா என்ன சொல்கிறார் என்பது மட்டும் இல்லை. குற்றமாகச் சொல்லவில்லை. நீங்கள் வெளியூரில் வேலையில் இருப்பீர்கள், அக்காவோ தம்பியோ அம்மாவுடன் இருப்பார், ராத்திரி போனில் எல்லோரும் பேசுவீர்கள், அம்மா பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அதனால்தான் இதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் டாக்டர் இல்லை. நியூ ஜெர்சியில் இருக்கிறேன், ஓய்வு பெற்ற சிவில் இன்ஜினியர். என் மனைவி 2017-லிருந்து அடுகானுமாப் என்ற மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனையில் இருந்தாள். மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தைக் கரைக்கும் மருந்து அது. மாதம் ஒரு முறை டிரிப்ஸ் ஏற்றுவார்கள். எமெர்ஜ், என்கேஜ் என்று இரண்டு சோதனைகள் ஒரே மாதிரி நடந்தன, இரண்டிலும் சேர்த்து 3,200 பேருக்கு மேல். மூன்றில் ஒரு பங்கு பேருக்கு அதிக அளவு மருந்து, ஒரு பங்குக்குக் குறைந்த அளவு, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத டிரிப்ஸ். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, ஏற்றுகிற நர்ஸுக்கும் தெரியாது.

"மருந்தில்லாத தண்ணீரை ஏற்றிக்கொள்ளவா இவ்வளவு தூரம் போவது?" என்று என் மச்சினர் திருச்சியிலிருந்து போனில் சத்தம் போட்டார். அவருக்குப் பதில் சொன்னது நான் இல்லை. அவள்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவள். "அண்ணா, சும்மா இருக்கிறவங்களோட ஒப்பிட்டுப் பார்க்காம மருந்து வேலை செஞ்சுதுன்னு எப்படிச் சொல்லுவாங்க? யாராவது அந்தப் பக்கம் உட்காரத்தான் வேணும்" என்றாள். ஒப்புதல் படிவம் தடிமனாக இருந்தது. பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படித்தாள். நேற்று படித்தது இன்று மறந்துபோனால் கோடு போட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பாள். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ஆராய்ச்சி டாக்டர் அவளையே திருப்பிச் சொல்லச் சொன்னார்: எதற்காக இது, என்ன ஆபத்து, நடுவில் விலகலாமா. எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். மனைவியைச் சோதனை எலியாக்கிவிட்டேன் என்று இன்றைக்கும் என்னைச் சொல்கிற சொந்தக்காரர்கள் உண்டு. அவர்களில் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை.

உள்ளே போனபின் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், இதை யாரும் விவரமாக எழுதுவதில்லை. முதலில் ஞாபகத் தேர்வு. இன்று என்ன தேதி, என்ன பருவம், மூன்று சொற்களைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பது, 100-லிருந்து ஏழு ஏழாகக் குறைப்பது. 93, 86, 79, 72, 65 என்று அவள் தடங்கலே இல்லாமல் போவாள். அந்த மூன்று சொற்களில் ஒன்றுகூட வராது. நோய் இன்னும் தொடக்கத்தில் இருப்பவர்களைத்தான் எடுப்பார்கள். ரொம்பத் தாமதித்தால் கதவு மூடிவிடும். பிறகு அமிலாய்டு உண்மையிலேயே இருக்கிறதா என்று பெட் ஸ்கேன், எம்ஆர்ஐ, மரபணுப் பரிசோதனை.

அப்புறம் நீங்கள். நோயாளியோடு கூடவே வந்து பதில் சொல்ல ஒருவர் கட்டாயம் வேண்டும், ஸ்டடி பார்ட்னர் என்பார்கள். என்னைத் தனி அறையில் உட்காரவைத்துக் கேட்பார்கள்: பணக்கணக்கு பார்க்கிறாரா? கடைக்குத் தனியாகப் போகிறாரா? பிடித்த வேலைகளைச் செய்கிறாரா? ஞாபகம், இடம்காலம் அறிவது, முடிவெடுப்பது, வெளி உலகம், வீடு, தன்னைக் கவனித்துக்கொள்வது என்று ஆறு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 18. வீட்டு வரிக்கணக்கை வருடா வருடம் அவள்தான் போட்டாள், இந்த வருடம் போடவில்லை என்று நான் சொல்கிற ஒரு வரி அவளுக்கு ஒரு புள்ளி கூட்டும். புள்ளி கூடினால் நோய் கூடியது என்று அர்த்தம். அவளுக்குத் தெரியாமல் அவளைப் பற்றிக் குறை சொல்கிற மாதிரி இருக்கும். இது டிரிப்ஸைவிடக் கஷ்டம். உங்கள் வீட்டில் ஸ்டடி பார்ட்னர் யார் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். மாதாமாதம் லீவு போட முடிகிறவராக இருக்க வேண்டும். தூரத்தில் இருந்துகொண்டு யோசனை சொல்கிறவரால் ஆகாது.

சில மாதம் கழித்து எம்ஆர்ஐயில் மூளையில் ஓரிடத்தில் வீக்கம் தெரிந்தது. இந்த வகை மருந்துகளின் முக்கியமான பக்கவிளைவு இதுதான், சிலருக்குச் சிறு ரத்தக்கசிவும் வரும். அவளுக்குத் தலைவலி மட்டும். டிரிப்ஸை நிறுத்திவைத்தார்கள், வீக்கம் வடிந்ததா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், வடிந்த பிறகு மறுபடி தொடங்கினார்கள். அதிக அளவு மருந்து பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 35 பேருக்கு இந்த வீக்கம் வந்தது, மருந்தில்லாதவர்களில் சுமார் 3 பேருக்கு மட்டும் என்று பின்னால் வெளிவந்த முடிவுகளில் படித்தேன். ஆக, அவளுக்கு ஏறியது மருந்துதான் என்று நினைத்துக்கொண்டேன். வீக்கம் தெரிந்த அன்றைக்கும் தொடரலாமா என்று அவளைத்தான் கேட்டார்கள். தொடரலாம் என்றாள்.

2019 மார்ச் 21-ஆம் தேதி இரண்டு சோதனைகளையும் நிறுத்தினார்கள். இடைக்கால ஆய்வில், தொடர்ந்தாலும் பலன் தெரிய வாய்ப்பில்லை என்று கணக்கு வந்துவிட்டது. எங்கள் கோஆர்டினேட்டர் பெண் போனில் சொல்லும்போது குரல் உடைந்தது. அதே வருடம் அக்டோபரில் தலைகீழான அறிவிப்பு: முழுத் தரவையும் பார்த்ததில் எமெர்ஜில் அதிக அளவு மருந்துக்குப் பலன் தெரிகிறது, என்கேஜில் தெரியவில்லை. அந்தப் பலன் எவ்வளவு? மருந்தில்லாதவர்களைவிட 0.39 புள்ளி குறைவு, மொத்தம் 18 புள்ளியில். 2020 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆலோசனைக் குழு ஆதரிக்கவில்லை. ஆனாலும் 2021 ஜூனில் அனுமதி வந்தது, வருடத்துக்கு 56,000 டாலர் என்று விலை வைத்தார்கள், 2024 ஜனவரியில் மருந்தைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டார்கள். என் மனைவியின் நரம்பில் ஏறியது இன்று சந்தையிலேயே இல்லை.

நடுவில் 2020-ல், பழைய சோதனையில் இருந்தவர்களுக்கு மறுபடி மருந்து தரும் சோதனை ஒன்று தொடங்கியது. வேண்டாம் என்றாள். "போதுங்க. இனிமே ஸ்கேன் மெஷினுக்குள்ள போக மாட்டேன்." அவ்வளவுதான், விட்டுவிட்டோம். இப்போது அதே சொந்தக்காரர்கள், கிடைத்த மருந்தை வேண்டாம் என்று சொல்ல விட்டது ஏன் என்று கேட்டார்கள். சரி என்று அவள் சொன்னபோதும் என்மேல்தான் பழி, வேண்டாம் என்றபோதும் என்மேல்தான். நோய் என்று பெயர் வைத்த நாளிலிருந்து அவள் வாயிலிருந்து வருவதை யாரும் அவள் பேச்சாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும், உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். இங்கே ஒரு வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் அவள் பல வருடம் சம்பளமில்லாமல் பாடம் நடத்தினாள். நோய் தெரிந்த பிறகு, பாடம் நடத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தால் புரிந்துகொள்வேன். ஆண்டு விழாவுக்குக்கூட அழைக்கவில்லை. கொலுவுக்கு வீடு வீடாக அழைக்கிற ஊர் இது, எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போனார்கள். 'சங்கடமாக இருக்கும்' என்றார்களாம். யாருக்கு? அவளிடம் படித்த பிள்ளைகள் இன்று மேடையில் தேவாரம் பாடுகிறார்கள். அந்தப் பெற்றோர்களில் ஒருவராவது ஒரு சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். சோதனை மையத்தில் அவளைப் பெயர் சொல்லி வரவேற்றார்கள், போர்வை வேண்டுமா என்று கேட்டார்கள். அந்த இரண்டு வருடமும் அவள் நன்றாக உடுத்திக்கொண்டு போகிற இடம் அது ஒன்றுதான்.

மருந்து கம்பெனிக்கு விளம்பரம் செய்கிறேன் என்று யாராவது கீழே எழுதலாம். எனக்கு யாரும் காசு தரவில்லை. மருந்து அவளுக்கு உதவியதா என்று என்னால் சொல்ல முடியாது. ஏற்றாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருப்பாள் என்று பார்க்க இன்னொரு அவள் இல்லை. இப்போது பேச்சு மிகவும் குறைந்துவிட்டது.

ஆனால் அந்த 3,200 பேரிடமிருந்து கற்றது வீண்போகவில்லை என்று நம்புகிறேன். வீக்கம் எப்போது வருகிறது, எப்படிக் கண்காணிப்பது, எந்த மரபணு உள்ளவர்களுக்கு அதிகம் என்பதெல்லாம் இப்படி உட்கார்ந்தவர்களால்தான் தெரிந்தது. ஏபிஓஇ4 என்ற மரபணு வகை இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். அடுத்து வந்த லெக்கானெமாப் 1,795 பேரிடம் 18 மாதம் சோதிக்கப்பட்டு, 0.45 புள்ளி வித்தியாசம் காட்டி, 2023 ஜூலையில் முழு அனுமதி பெற்றது. 2024 ஜூலையில் டோனானெமாப். இரண்டும் நோயைக் குணப்படுத்துவதில்லை, சரிவைக் கொஞ்சம் மெதுவாக்குகின்றன. டோனானெமாப் சோதனையில் இந்த மூளை வீக்கம், கசிவு தொடர்பாக 3 பேர் இறந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இதை மறைத்து உங்களைச் சேரச் சொன்னால் அது துரோகம்.

நீங்கள் இந்தியாவில் இருந்தால், அந்தச் சோதனை சிடிஆர்ஐ (CTRI) என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இணையத்தில் யாரும் பார்க்கலாம். 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு, யாரிடம் கேட்பது என்பதைப் படிவத்தில் காட்டச் சொல்லுங்கள். அமெரிக்காவில் இருந்தால் மரபணு முடிவைத் தெரிந்துகொள்ளும் முன் யோசியுங்கள். மரபணுவை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 2008 சட்டம் உடல்நலக் காப்பீட்டுக்கும் வேலைக்கும்தான் பாதுகாப்பு தருகிறது, ஆயுள் காப்பீட்டுக்கும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுக்கும் தருவதில்லை. அம்மாவின் மரபணு முடிவு உங்களையும் உங்கள் உடன்பிறந்தவர்களையும் தொடும். எங்கள் பெண் தெரிந்துகொள்ள வேண்டாம் என்றாள், சொல்லவில்லை. சோதனை நடுவில் நின்றால் அதன்பின் அம்மாவை யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். எங்களுக்கு அதற்குத் தெளிவான பதில் முன்கூட்டியே கிடைக்கவில்லை.

படிவத்தை வீட்டுக்கு வாங்கி வாருங்கள். அம்மாவுக்குத் தமிழில் வசதி என்றால் தமிழ்ப் படிவம் கேளுங்கள். காலையில் தெளிவாக இருக்கிற நேரத்தில் உட்கார்ந்து அவரோடு படியுங்கள், மறந்தால் மறுபடி படியுங்கள், கையில் ஒரு பென்சில் கொடுங்கள். அவர் வேண்டாம் என்றால் டாக்டரிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.