பணம் போய்விட்டது, ஆர்டர் எங்கே?

கேள்வி: ஒரு இணையக் கடையில் 4,350 ரூபாய்க்கு மிக்ஸி வாங்கினேன். யுபிஐ பின் போட்டதும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் 'பேமென்ட் ஆகவில்லை' என்று வந்தது. மறுபடி கட்டினேன், ஆர்டர் ஆகிவிட்டது. பாஸ்புக்கில் பார்த்தால் இரண்டு தடவை பணம் போயிருக்கிறது. வங்கியில் கேட்டால் 'கடையைக் கேளுங்கள்' என்கிறார்கள், கடையில் 'வங்கியைக் கேளுங்கள்' என்கிறார்கள். யாரைப் பிடிப்பது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: யுபிஐ செயலியில் அந்த முதல் பேமென்ட்டைத் திறந்து, இப்போது என்ன நிலை காட்டுகிறது என்று பாருங்கள். யாரைப் பிடிப்பது என்பது அதைப் பொறுத்தது.

நீங்கள் பின் போட்ட அந்தச் சில நொடிகளில் உங்கள் செயலி, உங்கள் வங்கி, நடுவில் என்பிசிஐ (யுபிஐயை நடத்தும் நிறுவனம்), கடையின் வங்கி, கடையின் பேமென்ட் கேட்வே (கடைக்காக இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவை) என்று பல கணினிகள் கை மாற்றிக்கொள்கின்றன. உங்கள் வங்கி பணத்தைக் கழித்துவிட்டது. 'வரவு வை' என்ற தகவல் கடையின் வங்கிக்குப் போனது. பதில் வரவில்லை. இப்போது இரண்டில் ஒன்று நடந்திருக்கலாம்: அவர்கள் வரவு வைக்கவே இல்லை, அல்லது வைத்துவிட்டார்கள், 'வைத்தாயிற்று' என்ற பதில்தான் வழியில் தொலைந்தது. நடுவில் இருப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அவசரப்பட்டு உங்களுக்குத் திருப்பிக் கொடுத்தால், கடைக்கும் பணம் போய் உங்களுக்கும் பணம் வந்த கதையாகிவிடலாம். அதனால்தான் கணக்கு சரிபார்க்கும்வரை நிறுத்தி வைக்கிறார்கள். எத்தனை தடவை 'கிடைத்ததா?' என்று கேட்டாலும் இந்தச் சந்தேகம் முழுசாகத் தீராது என்று கணினிக்காரர்கள் நிரூபித்தே வைத்திருக்கிறார்கள். 'இரண்டு தளபதிகள் சிக்கல்' என்று அதற்குப் பெயர்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். செயலியில் 'தோல்வி' அல்லது 'பெண்டிங்' என்று இருந்தால் பணம் வங்கிகளுக்கு நடுவில் நிற்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதிப்படி, கடைக்குச் செலுத்திய யுபிஐ பணம் இப்படி மாட்டிக்கொண்டால் 5 நாளைக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 3-ம் தேதி கழித்த பணம் 8-ம் தேதிக்குள் வர வேண்டும். 12-ம் தேதி வந்தால் அதோடு 400 ரூபாயும் சேர்ந்து வர வேண்டும். இதை நீங்கள் கேட்காமலே தர வேண்டும் என்பது விதி. எனக்குத் தெரிந்து பலர் கேட்ட பிறகுதான் வாங்கியிருக்கிறார்கள், ஆகவே கேளுங்கள். (தனி ஆளுக்கு அனுப்பிய பணம் என்றால் கெடு மறுநாளே முடிந்துவிடும்.)

செயலி 'வெற்றி' என்று காட்டினால் கதையே வேறு. பணம் கடைப் பக்கம் சேர்ந்துவிட்டது. அவர்கள் ஆர்டரில்தான் அது ஏறவில்லை. வங்கியைப் பொறுத்தவரை இது தோல்வியே இல்லை, ஆகவே அந்த 100 ரூபாய்க் கணக்கு இங்கே செல்லாது. செயலியில் அந்தப் பேமென்ட்டுக்கு இருக்கும் 12 இலக்க யுடிஆர் எண்ணை (பணம் போனதன் அடையாள எண்) கடைக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். 'ஒன்றுதான் வந்தது' என்பவர்களிடம், இந்த எண்ணை உங்கள் கேட்வேயில் தேடிச் சொல்லுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வங்கிதான் இழுத்தடிக்கிறது என்றால் முதலில் அங்கே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். கட்டணம் கிடையாது, விவரம் கேட்க 14448. வாடிக்கையாளர் சேவை எண்ணை மட்டும் கூகுளில் தேடி எடுக்காதீர்கள். அங்கே மோசடி எண்களும் கலந்து கிடக்கின்றன.

நல்ல கடைத் தளங்கள் ஆர்டர் எண்ணை வைத்து, அதே ஆர்டருக்கு இரண்டாவது பணம் வந்தால் கண்டுபிடித்துத் திருப்பிவிடும். எல்லாத் தளமும் நல்ல தளம் இல்லையே. அடுத்த தடவை வட்டம் சுற்றினால் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, பாஸ்புக்கைப் பார்த்த பிறகு கட்டுங்கள்.

கேள்வி: மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஒருவர் 780 ரூபாய் அனுப்பிப் பச்சை டிக்கைக் காட்டினார். ஸ்பீக்கர் பெட்டி சத்தமே போடவில்லை. சரக்கைக் கொடுக்கலாமா?
- வாசகர், தென்காசி

பதில்: இரண்டையும் நம்பாதீர்கள். பச்சை டிக் காட்டவே போலிச் செயலிகள் இருக்கின்றன. பெட்டியும் உள்ளே சிம் போட்ட தனி மெஷின். சிக்னல் இல்லையென்றால் பணம் வந்தும் வாயைத் திறக்காது. உங்கள் போனில் கடைக் கணக்கின் வரவுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அதில் இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் தெரிந்த ஆளுக்கு நோட்டில் எழுதிக்கொண்டு கொடுங்கள். தெரியாத ஆளிடம் யுடிஆர் எண்ணைக் குறித்துக்கொண்டு, பணம் ஏறும்வரை சரக்கை எடுத்து வையுங்கள்.