முட்டி ஆறியும் பயம் போகவில்லையா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற இணைப்புநாருக்கு அறுவை சிகிச்சை முடிந்து பத்து மாதம். டாக்டர் விளையாடலாம் என்றுவிட்டார். ஆனால் காற்பந்துத் திடலில் சட்டென்று திரும்பப் போனாலே கால் பின்வாங்குகிறது. நான் கோழையாகிவிட்டேனா? (ஈசூன் வாசகர்)

ப: இல்லவே இல்லை. இதே கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் நிறைய. பேசப் பேச, கை தானாகப் போய் முட்டியைப் பிடித்துக்கொள்ளும். முட்டி வீங்கியதும் தொடைத் தசைக்குப் போகும் கட்டளையை நரம்புகள் குறைத்துவிடுகின்றன, வீக்கம் வடிந்த பிறகும் அந்தப் பழக்கம் லேசில் விடாது, பயமும் சேர்ந்தால் தசை இறுகிக் கவனம் பந்தை விட்டு முட்டிக்குப் போய்விடும். 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் போட்டி விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 55 விழுக்காடுதான்.

புளோக் அருகே உள்ள கோர்ட்டில் நாலு தண்ணீர் போத்தலை வரிசையாக வையுங்கள். முதலில் நடந்து சுற்றுங்கள், அப்புறம் மெதுவோட்டம், அப்புறம் பந்தோடு, கடைசியில் ஒரு நண்பர் குறுக்கே வரட்டும். ஒவ்வொரு படியிலும் பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போடுங்கள், மூன்றுக்கு இறங்காமல் அடுத்த படி வேண்டாம். அந்த மார்க்கைப் பிசியோவிடமும் சொல்லுங்கள். வலியைச் சொல்கிறவர்கள் பயத்தை மறைத்துவிடுகிறார்கள்.

கே: எனக்கும் அதே அறுவை சிகிச்சைதான். ஆறு மாதத்தில் ஆடலாமா?

ப: வேண்டாம். ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி காயம்படும் வாய்ப்பைப் பாதியாகக் குறைத்ததை ஒரு நார்வே ஆய்வு காட்டியது.

கே: வலைப்பந்து ஆடும் என் மகளுக்குக் குதிகால் தசைநார் அறுந்துவிட்டது. தூங்குவதில்லை, நெஞ்சு படபடக்கிறது என்கிறாள், அணியின் வாட்ஸ்அப்பைத் திறப்பதே இல்லை. (ஒரு தாய்)

ப: முதல் சில வாரங்களில் இது சகஜம். ஆனால் தூக்கத்தைக் கவனியுங்கள், மன அழுத்தம் காயம் ஆறுவதையே தாமதப்படுத்தும். நோயாளியைப் பராமரித்துக் களைத்திருந்தவர்களுக்கு ஒரு சின்னப் புண் ஆற ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்ததை 1995இலேயே பார்த்திருக்கிறார்கள். "எல்லாம் சரியாகிவிடும்" என்று வாயை அடைக்காதீர்கள், அவளைப் பேச விடுங்கள். அவள் அணியைவிட்டு ஒதுங்கிவிடாமல், ஸ்கோர் எழுதவாவது கூப்பிடும்படி அணியினரிடம் சொல்லுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் இப்படியே இருந்தால் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு தடவை சொன்னாலும் காத்திருக்காதீர்கள், நள்ளிரவானாலும் சிங்கப்பூரின் தேசிய மனநல உதவி எண் 1771ஐ அழையுங்கள்.