வாசகர் கேள்வி – பதில்: மாறிவரும் கல்லூரிக் கூடைப்பந்து

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் 1985ஆம் ஆண்டு இறுதியாட்டக் காணொளியைப் பார்த்தேன். வில்லனோவா அணியினர் எந்த அவசரமும் இல்லாமல் பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். இன்றைய அணிகளோ தொலைவிலிருந்து எறிந்த வண்ணம் இருக்கின்றன. ஆட்டத்தை மாற்றியவை விதிகளா, பயிற்சியாளர்களா?

பதில்: நீங்கள் பார்த்தது ஒரு காலகட்டத்தின் கடைசி இறுதியாட்டம். குறிப்பிட்ட நொடிகளுக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அன்றைய தேசியப் போட்டியில் கிடையாது. பாட்ரிக் யூயிங் காவல் நின்ற ஜார்ஜ்டவுனுக்கு எதிராக, ஃப்ரீ த்ரோக்கள் (எதிரணியின் தவறுக்காகத் தடுப்பாரின்றி எறியக் கிடைப்பவை) நீங்கலாக, வில்லனோவா 28 முறைதான் எறிந்தது. அவற்றில் 22 உள்ளே விழுந்தன. 66–64 என்று வென்றது. இந்தப் பொறுமையின் எல்லையை அதற்கு முன்பே காட்டியவர் வட கரோலினாவின் பயிற்சியாளர் டீன் ஸ்மித். நால்வரை நான்கு மூலைகளில் நிறுத்தி, நடுவில் ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டிருக்க, முன்னிலையில் உள்ள அணி நேரத்தைக் கடத்திவிடும். 1982இல் வர்ஜீனியாவுக்கு எதிரான ஏசிசி (இரு அணிகளும் இருந்த வட்டாரக் கல்லூரிக் கூட்டமைப்பு) இறுதியாட்டத்தில் அவரது அணி இப்படிப் பந்தை வைத்துக்கொண்டே 47–45 என்று வென்றபோது பார்வையாளர்களின் அதிருப்தி வெளிப்படையாகவே கிளம்பியது.

1985–86 பருவத்தில் 45 நொடி ஷாட் கிளாக், அதாவது அந்த நொடிகளுக்குள் எறியக் கட்டாயப்படுத்தும் கடிகாரம், வந்தது. 1993–94இல் அது 35 ஆகவும் 2015–16இல் 30 ஆகவும் குறைந்தது. மூன்று புள்ளிக் கோடு (அதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி, உள்ளிருந்து போட்டால் இரண்டு) 1986–87இல், 19 அடி 9 அங்குலத் தொலைவில், எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவானது. பயிற்சியாளர்கள் பலருக்கு அதில் விருப்பமில்லை. அந்தக் கோட்டை வெறுத்தவர்களில் ஒருவரான இந்தியானாவின் பாப் நைட், முதல் பருவத்திலேயே அதன் பலனால் தேசியச் சாம்பியன் பட்டம் வென்றார். சிரக்யூசை 74–73 என்று வென்ற இறுதியாட்டத்தில் அவரது மாணவர் ஸ்டீவ் ஆல்ஃபோர்ட் ஏழு மூன்று புள்ளி எறிதல்களைப் போட்டார்.

ஆகவே, கதவைத் திறந்தது விதி, உள்ளே போனவர்கள் பயிற்சியாளர்கள் என்பதே என் முடிவு. அவர்களை உள்ளே தள்ளியது ஓர் எளிய கணக்கு. தொலைவிலிருந்து எறிபவர் நூற்றுக்கு 35 போட்டால் 105 புள்ளிகள் சேரும்; கோட்டுக்கு ஓரடி உள்ளே நின்று நூற்றுக்கு 40 போட்டாலும் 80தான். இந்தக் கணக்கு எல்லோர் மனதிலும் ஊன்ற ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. 2019–20இல் கோட்டை 22 அடி 1¾ அங்குலத்துக்குத் தள்ளி வைத்த பிறகும் அணிகள் பின்வாங்கவில்லை.

கடிகாரம்தான் நிதானத்தைக் கொன்றது என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 1996இல், 35 நொடிக் கடிகாரம் இருந்தபோதே, பயிற்சியாளர் பீட் காரிலின் பிரின்ஸ்டன் அணி முந்தைய ஆண்டுச் சாம்பியனான யுசிஎல்ஏவை (லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) 43–41 என்று வீழ்த்தியது. 41–41 என்ற நிலையில், கடைசி நொடிகளில், கேப் லெவுலிஸ் கூடையை நோக்கி வெட்டி ஓடினார், பந்து வரவில்லை. வெளியே திரும்பி, பந்தை வாங்கப்போவதுபோல் காட்டி, தன்னைக் காப்பவர் முன்னால் சாய்ந்த கணத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் மறுபடியும் ஓடினார். ஸ்டீவ் குட்ரிச் தந்த பாஸ் தரையில் ஒருமுறை எழும்பி அவர் கைக்கு வந்தது. உயரமும் வேகமும் குறைந்த ஓர் அணி தன்னைவிட வலிய அணியை வெல்வதற்கு இதைவிட அழகான வழியை நான் கண்டதில்லை. கடிகாரம் 30 நொடியான பிறகும், நாட்டிலேயே மிக மெதுவாக ஆடும் அணிகளில் ஒன்றான வர்ஜீனியா 2019இல் பட்டம் வென்றதே! நிதானமாக ஆட இன்றும் தடையில்லை. அதைக் கற்றுத்தரும் பயிற்சியாளர்கள்தான் குறைந்துவிட்டார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கேள்வி: அப்படியானால் கூடையடியில் நிற்கும் நெட்டையர்களுக்கு இனி வேலையில்லையா?

பதில்: இருக்கிறது. பர்டூ அணியின் 7 அடி 4 அங்குல சாக் ஈடி 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரராகத் தேர்வானார். ஆனால் 2024 இறுதியாட்டத்தைக் கவனியுங்கள்: ஈடியைப் பெரும்பாலும் ஒருவர் மட்டுமே காக்க, கனெக்டிகட்டின் மற்ற நால்வரும் வெளியே நின்ற எறிவீரர்களை விட்டு அகலவில்லை. ஈடி 37 புள்ளிகள் எடுத்தும் பர்டூ மொத்தத்தில் ஒரே ஒரு மூன்று புள்ளிதான் போட்டது. 75–60 என்று தோற்றது.

கேள்வி: அயோவா பெண்கள் அணியின் கெய்ட்லின் கிளார்க் கல்லூரி ஆட்டங்களில் 3,951 புள்ளிகள் எடுத்து, ஆண்கள் ஆட்டக்காரர் பீட் மாராவிச்சின் 3,667ஐத் தாண்டினார். இருவரையும் ஒப்பிடலாமா?

பதில்: எண்களை மட்டும் வைத்து ஒப்பிடுவது இருவருக்குமே அநீதி. மாராவிச் ஆடிய 1967–70 காலத்தில் மூன்று புள்ளிக் கோடும் இல்லை, ஷாட் கிளாக்கும் இல்லை. முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடவும் கூடாது. அவருடைய புள்ளிகள் மூன்றே பருவங்களில், 83 ஆட்டங்களில் வந்தவை. கிளார்க்குக்கு நான்கு பருவங்கள் கிடைத்தன. ஆனால் அவர் கோட்டுக்கு வெகு வெளியிலிருந்து எறிந்ததால், தடுப்பவர்கள் மைதானத்தின் நடுப்பகுதிக்கே வந்து அவரை மறிக்க வேண்டியிருந்தது. அப்படித் திறந்த இடத்தில் அயோவா அணியின் மற்றவர்கள் கூடைக்கருகில் எளிதாகப் புள்ளி எடுத்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் ஆட்டத்தின் அளவு தெரியும்.