ஜிசிசியைப் பழைய பதிப்புக்கு மாற்றலாமா?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். உபுண்டு லினக்ஸ் 20.04-இல் ஒழுங்காக பில்ட் ஆன எங்கள் பழைய சி புரோகிராம், 24.04-க்கு மாறியதும் ‘மல்டிபிள் டெஃபனிஷன்’ என்று வரிசையாக எரர் காட்டி நின்றுவிட்டது. சி கோடை ஓடும் புரோகிராமாக மாற்றும் ஜிசிசி கம்பைலரின் பழைய 9-ஆம் பதிப்பை நிறுவி, ‘ஜிசிசி’ என்றால் எந்தப் பதிப்பு என்று காட்டும் சிஸ்டத்தின் லிங்க்கைக் கையாலேயே அதற்குத் திருப்பிவிட்டேன். இப்போது பில்ட் ஆகிறது. இப்படியே விடலாமா?

பதில்: விடாதீர்கள். அந்த லிங்க் உங்கள் புரோகிராமுக்கு மட்டும் உரியதல்ல, அந்த மெஷினில் கம்பைல் ஆகும் எல்லாவற்றுக்கும் பொது. 24.04-இன் கெர்னல், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதி, ஜிசிசி 13-இல் கட்டப்பட்டது. நாளைக்குக் கெர்னல் அப்டேட் வந்து, கிராபிக்ஸ் டிரைவரை மறுபடி கம்பைல் செய்யும்போது ஜிசிசி 9 மாட்டினால், அதற்குத் தெரியாத ஆப்ஷன்களைப் பார்த்து நின்றுவிடலாம். உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கமாண்டான ஆப்டில் ஜிசிசி பேக்கேஜை ‘ரீஇன்ஸ்டால்’ செய்யுங்கள், லிங்க் பழையபடி 13-க்குத் திரும்பிவிடும்.

சரி, எரர் ஏன் வந்தது? பல ஃபைல்கள் பொதுவாக இன்க்ளூட் செய்யும் ஹெடர் ஃபைலில், ‘இது வேறிடத்தில் இருக்கிறது’ என்று சொல்லும் ‘எக்ஸ்டர்ன்’ போடாமல் ஒரு குளோபல் வேரியபிளை அறிவித்திருப்பீர்கள். அதை இன்க்ளூட் செய்யும் ஒவ்வொரு ஃபைலிலும் அது தனித்தனியாக உருவாகும். ஜிசிசி 9 வரை அவற்றை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு சும்மா இருந்தது. 2020-இல் வந்த ஜிசிசி 10 அந்தச் சலுகையை நிறுத்தியது. ஹெடரில் ‘எக்ஸ்டர்ன்’ சேர்த்து, ஒரே ஒரு சி ஃபைலில் மட்டும் அந்த வேரியபிளை வையுங்கள். இதுதான் சரியான வைத்தியம். அவசரமென்றால், கம்பைலருக்கான ஆப்ஷன்களை வைக்கும் சிஃபிளாக்ஸில், பழைய சலுகையைத் திரும்பத் தரும் ‘எஃப்காமன்’ ஆப்ஷனைச் சேர்த்தால் ஜிசிசி 13-லேயே பில்ட் ஆகும்.

அப்படியும் ஜிசிசி 9 வேண்டுமென்றால், அது பக்கத்திலேயே தனிப் பெயரில் இருக்கட்டும். பில்டை நடத்தும் மேக் கமாண்டிலேயே, எந்தக் கம்பைலர் என்று சொல்லும் சிசி என்ற வேரியபிளுக்கு அந்தப் பெயரைக் கொடுங்கள். ஷெல்லில் எக்ஸ்போர்ட் செய்தால் போதாது, மேக்ஃபைலில் சிசிக்கு ஏற்கெனவே ஒரு மதிப்பு எழுதியிருந்தால் அதுதான் ஜெயிக்கும். மேக்ஃபைலைத் தானே உருவாக்கும் சிமேக்கைப் பயன்படுத்தினால் பழைய பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டுத் தொடங்குங்கள், முதலில் பார்த்த கம்பைலரையே அது கேஷில் வைத்திருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் முக்கியம். வாடிக்கையாளரின் மெஷின் இன்னும் 20.04-இல் ஓடுகிறதா? அப்படியென்றால் ஜிசிசி 9-இல் கட்டினாலும் புரோகிராம் அங்கே கிளம்பாது. கம்பைலர் பழையதானாலும் புரோகிராம் இணைக்கப்படுவது 24.04-இன் ஜிலிப்சி 2.39-உடன். சி புரோகிராம்கள் ஓடத் தேவையான அடிப்படை லைப்ரரி அது. 20.04-இல் இருப்பது 2.31. ‘ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்’ என்று சொல்லி அங்கேயே நிற்கும். இதற்குக் கம்பைலரை மாற்றிப் பயனில்லை. வேறொரு சிஸ்டத்தைத் தனி அறைபோல உள்ளே ஓடவைக்கும் டாக்கரில் உபுண்டு 20.04 இமேஜை இறக்கி, சோர்ஸ் ஃபோல்டரை அதில் மவுன்ட் செய்து, கம்பைலரும் மேக்கும் அடங்கிய பில்ட்-எசென்ஷியல் பேக்கேஜை நிறுவி உள்ளேயே கட்டுங்கள். அங்கே இயல்பாகவே ஜிசிசி 9 கிடைக்கும், உங்கள் 24.04-ஐத் தொடவே வேண்டாம்.