நடுவில் குழி விழும் மெழுகுவர்த்தி: குறை மெழுகிலா, திரியிலா?

வாசகர் கேள்வி: வீட்டில் கண்ணாடிக் குவளைகளில் சோயா மெழுகை ஊற்றி மெழுகுவர்த்தி செய்து வருகிறேன். பருத்தி நூலை முறுக்கித் திரியாக்கிக்கொள்கிறேன். ஏற்றிய இரண்டு மணி நேரத்துக்குள் திரியைச் சுற்றி மட்டும் குழி விழுகிறது. ஓரத்து மெழுகு உருகாமல் சுவர்போல் நின்றுவிட, சுடர் உருகிய மெழுகில் மூழ்கி அணைந்துபோகிறது. நூலை இரட்டிப்பாக்கிப் பார்த்தபோது குழி விழவில்லை. ஆனால் புகை எழுந்து கண்ணாடி கறுத்துவிட்டது. மெழுகை மாற்ற வேண்டுமா, வாசனை எண்ணெயைக் குறைக்க வேண்டுமா?

பதில்: இரண்டுமே உடனடியாகத் தேவையில்லை. நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அந்த இடம் திரி. முதல் வர்த்தியில் திரி மெழுகைப் போதுமான அளவு மேலே இழுக்கவில்லை. இரண்டாவதில் சுடர் எரிக்கக்கூடிய அளவுக்கு மேல் இழுத்துவிட்டது. உங்கள் குவளைக்கு ஏற்ற திரி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது; முறுக்கிய நூலை வைத்துக்கொண்டு அதைத் தேடினால் கிடைப்பது கடினம். ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மெழுகுவர்த்தியில் எரிவது திரி அன்று. திடமான மெழுகும் அன்று. சுடரின் வெப்பத்தில் மெழுகு உருகி, திரியின் இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாக மேலேறி, சுடரின் அடியில் ஆவியாகிறது. அந்த ஆவிதான் எரிகிறது. வர்த்தியை அணைத்தவுடன் எழும் வெண்புகையின் மேல்நுனியில் ஒரு தீக்குச்சியைக் காட்டினால், நெருப்பு அந்தப் புகை வழியாகவே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்வதைக் காணலாம். ஏனெனில் அது குளிர்ந்துகொண்டிருக்கும் மெழுகு ஆவி. மைக்கேல் ஃபாரடே 1860ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் ராயல் நிறுவனத்தில் இளையோருக்காகத் தொடங்கிய மெழுகுவர்த்தி உரைகளில் செய்து காட்டியவற்றுள் இதுவும் ஒன்று. சுடரின் மஞ்சள் ஒளியைத் தருபவை அதனுள் பழுத்து ஒளிரும் கரித்துகள்கள். மெழுகின் வரத்து அளவாக இருந்தால் அத்துகள்கள் சுடரின் விளிம்பில் காற்றைச் சந்தித்து முழுவதும் எரிந்துவிடும். வரத்து மிகுந்தால் எரியாமலே வெளியேறும். உங்கள் கண்ணாடியில் படிந்த கறுப்பு அதுதான். சோயா மெழுகு புகையே விடாது என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை சரியன்று. திரி பெரிதாகிவிட்டால் எந்த மெழுகும் புகையும்.

குறையை மெழுகில் தேடும் வழக்கம் புதிதல்ல. லண்டனில் மாட்டுக்கொழுப்பு வர்த்தி செய்தவர்களும் தேன்மெழுகு வர்த்தி செய்தவர்களும் தனித்தனிச் சங்கங்களாக இருந்தார்கள். முன்னவர்கள் 1462இலும் பின்னவர்கள் 1484இலும் அரச சாசனம் பெற்றார்கள். தொழிலையே மெழுகை வைத்துப் பிரித்தார்கள். கொழுப்பு நாறியது, வழிந்தது, புகைந்தது. தேன்மெழுகு மணத்தது, ஆனால் விலை மிகுந்திருந்தது. இரண்டுக்கும் பொதுவாக இருந்த தொல்லை முறுக்கிய திரி. அது சுடரின் நடுவே நேராக நின்றது. சுடரின் உள்பகுதிக்குக் காற்று எட்டாது. ஆகையால் திரியின் நுனி சாம்பலாகாமல் கரியாகி, நீண்டு, தலை பருத்து, வேண்டிய அளவுக்கு மேல் மெழுகை உறிஞ்சியது. குறிப்பாகக் கொழுப்பு வர்த்திகளில் அடிக்கடி ஒருவர் வந்து கருகிய நுனியை வெட்டிவிட வேண்டியிருந்தது. வெட்டிய கரி விழுவதற்கு ஒரு சிறு பெட்டி இணைத்த கத்தரிகள் இதற்கென்றே செய்யப்பட்டன. நாடக அரங்குகளில் இந்த வேலைக்குத் தனியே ஆள் இருந்தார். எண்ணெய் விளக்கில் திரியைத் தூண்டிவிடுவதற்கு ஒப்பான வேலை இது.

பிரெஞ்சு வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரோல், கொழுப்பு என்பது கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்த பொருள் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்து நிறுவினார். 1825இல் அவரும் மற்றொரு பிரெஞ்சு வேதியியலாளரான கே-லுசாக்கும் அவ்வமிலங்களிலிருந்து வர்த்தி செய்வதற்குக் காப்புரிமை பெற்றார்கள். அப்படிக் கிடைத்த ஸ்டியரிக் அமிலம் கெட்டியானது, நாற்றமற்றது. மெழுகின் சிக்கல் ஏறக்குறைய தீர்ந்தது. திரியின் சிக்கல் தீரவில்லை. அதே காலத்தில் கம்பாசெரே என்பவர் நூலை முறுக்குவதற்குப் பதிலாகப் பின்னலாகப் பின்னினார். பின்னிய திரி எரியும்போது ஒரு பக்கமாக வளைந்து, அதன் நுனி சுடரின் வெளிவிளிம்புக்கு வந்து, அங்குள்ள காற்றில் எரிந்து சாம்பலாகிவிடுகிறது. போரிக் அமிலம் போன்ற பொருள்களின் கரைசலில் ஊறவைத்தால் அந்தச் சாம்பலும் உருகி உதிர்ந்துவிடும் என்பது பின்னர் தெரியவந்தது. மெழுகுவர்த்தி தன்னைத் தானே தூண்டிக்கொள்ளும் விளக்கானது அப்போதுதான். 1834இல் ஜோசப் மார்கன் உருவாக்கிய வார்ப்பு இயந்திரமும், 1850இல் ஜேம்ஸ் யங் பெற்ற காப்புரிமைக்குப் பின் பெருகிய பாரஃபின் என்னும் மெழுகும் வர்த்தியை மலிவாக்கின. ஆனால் அதைக் கவலையின்றி எரியவிட முடிந்ததற்குக் காரணம் அந்தச் சிறு பின்னல்தான் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் மாற்றம், முறுக்கிய நூலைக் கைவிட்டுப் பின்னிய திரிக்கு மாறுவது. வர்த்தித் திரிகள் எண் வரிசைப்படி பல தடிமன்களில் விற்கப்படுகின்றன. உங்கள் குவளையின் உள்விட்டத்தை அளந்து, அதற்குப் பரிந்துரைக்கப்பட்ட எண்ணையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களையும் வாங்குங்கள். நடுவில் கம்பி உள்ள திரியானால் அது துத்தநாகமா என்று கேட்டு வாங்குங்கள். ஈயக் கம்பி எரியும்போது காற்றில் ஈயம் கலக்கும் என்பதால் அமெரிக்காவில் 2003இல் அது தடை செய்யப்பட்டது.

திரியை நீங்களே செய்ய விரும்பினால், சாயமேற்றாத பருத்தி நூலை மூன்று புரியாக நெருக்கிப் பின்னுங்கள். ஒன்றரைக் கோப்பை வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பும் இரண்டு மேசைக்கரண்டி வெண்காரமும் கரைத்து, ஒரு நாள் ஊறவைத்து, இரண்டு நாள் நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் திரி படபடவென்று தெறிக்கும். வெண்காரம் வயிற்றுக்குள் போகக் கூடாத பொருள். குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். காய்ந்த திரியை உருகிய மெழுகில் முக்கி, காற்றுக்குமிழ்கள் நின்றபின் எடுத்து, நேராக நீவி ஆறவிட்டால் பயன்படுத்தத் தயாராகிவிடும்.

அடுத்து ஒப்பிட்டுப் பார்த்தல். ஒரே அளவுள்ள மூன்று குவளைகளில் ஒரே மெழுகை ஊற்றி, திரியின் எண்ணை மட்டும் மாற்றுங்கள். பிரிட்டனில் 1860இல் ஒளியை அளப்பதற்குச் சட்டப்படி வகுத்த அலகே ஒரு மெழுகுவர்த்திதான். எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகால் ஆன, ஏறத்தாழ 76 கிராம் எடையுள்ள, மணிக்கு 7.8 கிராம் வீதம் எரியும் வர்த்தி அது. எரியும் வேகத்தை அவர்கள் எடையால் வரையறுத்ததை நீங்களும் பின்பற்றலாம். ஏற்றுவதற்கு முன்னும், நான்கு மணி நேரம் எரித்து அணைத்து ஆறிய பின்னும் குவளையை எடை போட்டு, மணிக்கு எத்தனை கிராம் குறைந்தது என்று எழுதி வையுங்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சுடர்களின் வேறுபாடு இந்த எண்களில் தெளிவாகத் தெரியும்.

எந்தத் திரியைத் தேர்ந்தெடுப்பது என்பதில் புதிதாகச் செய்பவர்கள் ஒரு தவறு செய்கிறார்கள். முதல் மணி நேரத்திலேயே ஓரம் வரை உருகிவிட்டால் அதுவே நல்ல திரி என்று எண்ணிவிடுகிறார்கள். வர்த்தி கீழே இறங்க இறங்க, கண்ணாடிச் சுவர்கள் வெப்பத்தைத் தேக்கிக்கொண்டு உருகுதலை விரைவாக்கும். மேலே சரியாக எரிந்த அந்தத் திரி பாதிக்குக் கீழே புகையத் தொடங்கும். முதல் முறை எரிக்கும்போது ஓரத்தில் மெல்லிய மெழுகு விளிம்பு மிஞ்சி, இரண்டாம் மூன்றாம் முறைகளில் அதுவும் தானாக உருகிச் சேரும் திரியே என் தேர்வாக இருக்கும். நான்கு மணி நேர முடிவில் உருகிய மெழுகின் ஆழம் ஒரு சென்டிமீட்டர் அளவில் இருந்தால் போதும். குவளையின் வாய் குறுகியிருந்தால் எந்தத் திரியும் காற்றின்றிப் புகையும் என்பதால், வாய் அகன்ற, வெப்பம் தாங்கும் கண்ணாடியையே பயன்படுத்துங்கள்.

வாசனை எண்ணெய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மெழுகின் எடையில் 6 முதல் 8 விழுக்காடு வரை போதுமானது. அதற்கு மேல் போனால் எண்ணெய் திரியின் இடைவெளிகளை அடைத்து, நல்ல திரியையும் மூழ்கடிக்கும். குவளை 200 மில்லிலிட்டர் நீர் பிடித்தால் ஏறத்தாழ 180 கிராம் மெழுகு பிடிக்கும் என்று கணக்கிட்டு, அதற்கு 11 முதல் 14 கிராம் வரை எண்ணெய் சேர்க்கலாம். சோயா மெழுகை 80 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, எண்ணெயைக் கலந்து இரண்டு நிமிடம் மெதுவாகக் கிளறி, 55 முதல் 60 பாகைக்கு ஆறியதும் ஊற்றுங்கள். குவளை சில்லென்று இருந்தால் மெழுகு கண்ணாடியை விட்டுப் பிரியும். சற்று வெதுவெதுப்பாக இருக்கட்டும். ஊற்றிய மெழுகு இறுகும்போது சுருங்கித் திரியோரம் பள்ளம் விழுவது இயல்பு; அதை நிரப்பக் கொஞ்சம் மெழுகை ஒதுக்கி வையுங்கள். சோயா வர்த்தியை ஒரு வாரமாவது, முடிந்தால் இரண்டு வாரம், ஆறப்போட்ட பிறகே எரித்துப் பாருங்கள். அதற்கு முன் பார்ப்பது சரியான முடிவைத் தராது.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். மெழுகை நேரடி நெருப்பில் வைக்காமல், கொதிநீரில் அமர்த்திய பாத்திரத்திலேயே உருக்குங்கள். பக்கத்தை விட்டு நகராதீர்கள். அளவு மீறிச் சூடான மெழுகு முன்னறிவிப்பின்றித் தீப்பற்றும். அப்போது அடுப்பை அணைத்து, மூடியால் மூடுவதுதான் வழி. தண்ணீர் ஊற்றவே கூடாது. மெழுகுக்கு அடியில் இறங்கும் நீர் நொடியில் ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, எரியும் மெழுகை அறை முழுவதும் வாரி இறைக்கும்.

குழி விழுந்த பழைய வர்த்திகளை எறிந்துவிட வேண்டாம். குவளையின் வாயை அலுமினியத் தாளால் மூடி, நடுவில் சுடருக்குப் போதுமான அகலத் துளை விட்டு ஒரு மணி நேரம் பக்கத்திலிருந்தபடி எரித்தால், தேங்கும் வெப்பத்தில் ஓரத்து மெழுகு உருகிச் சமமாகும். பிறகு தாளை எடுத்துவிடுங்கள், அது சுடும். புகையும் வர்த்திகளில் ஒவ்வொரு முறை ஏற்றுவதற்கு முன்பும் திரியை ஆறு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுங்கள். அணைக்கும்போது ஊதாமல், ஒரு கம்பியால் திரியை உருகிய மெழுகில் சாய்த்து முக்கி, உடனே நிமிர்த்தி விடுங்கள். அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு எஞ்சும்போது நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் எரித்தால் கண்ணாடி வெடிக்கக்கூடும். எஞ்சியதைச் சுரண்டி எடுத்து, கருகிய துணுக்குகளை வடிகட்டி நீக்கினால், ஒப்பீட்டுக்கான அடுத்த குவளைகளுக்கு அதுவே உதவும்.